சிவக்காத சேறு

தாமிரபரணி கடலில் கலக்கும் கழிமுகத்தில், இறால் பண்ணையின் கழிவுநீர் வந்து விழும் இடத்தில் அள்ளிய கருஞ்சேற்றைச் சல்லடையில் அலசுகிறாள் ஆராய்ச்சி மாணவி சுப்ரியா. அழுகிய முட்டை வாடை வள்ளத்தை விட்டு நகர மறுக்கிறது. சல்லடையில் தங்கியதை வெள்ளைத் தட்டில் கொட்டிச் சிவப்புச் சாயம் விடுகிறாள். உயிருள்ள புழுவோ நத்தையோ வந்திருந்தால் அது சிவக்கும். சற்றுப் பொறுத்து நீர் விட்டுக் கழுவுகிறாள். வெயிலில் காலி ஓடுகள் வெள்ளைவெளேரென்று கிடக்கின்றன. இதே சேற்றில் காலால் துழாவி மட்டிச் சிப்பி எடுத்துப் பிழைத்த வள்ளக்காரர் அசன் மைதீன் துடுப்பை வைத்துவிட்டுக் குனிகிறார். "இன்னுங் கொஞ்சம் ஊத்திப் பாரும்மா." "நெறையவே ஊத்தியாச்சு பாய்." "பைய, இன்னொருக்கா ஊத்தும்மா." ஊற்றுகிறாள். கழுவுகிறாள். தட்டைப் பிடித்திருக்கும் அவள் விரல்கள் மட்டும் சிவந்திருக்கின்றன.