நைரோபியில் நின்றவர்

அகதிகளின் மனைவிமாருக்கு விசா முடங்கிக் கிடந்த காலம் முடிந்து, எண்பத்தொன்பதில் என் மனைவி நிரஞ்சலா டென்மார்க் வந்தாள். கொழும்பைத் தாண்டி அறியாதவள், நைரோபி, கார்ட்டூம், கெய்ரோ என்று விமானம் மாறி மாறி வந்து இறங்கினாள். நான் வேலை செய்த தொழிற்சாலையில் எல்லோருக்கும் பெருமையாகச் சொன்னேன்.

அன்று மாலை ஹோர்சன்ஸ் நகரில் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது அவளிடமும் சொன்னேன்.

"கெட்டிக்காரி. ஆபிரிக்காவைத் தனியக் கடந்து வந்திட்டீர்."

"தனியவோ? இறங்கின இடமெல்லாம் நீங்கள்தானே முன்னுக்கு நடந்து வழி காட்டினீங்கள். இதே நீல ஜாக்கெற்றோட."

அந்த ஜாக்கெற்றை அவளை அழைத்துவரப் போவதற்கென்று முதல்நாள்தான் வாங்கியிருந்தேன்.

"என்ரை பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தீரோ?"

"புருசன்ரை பேரை ஆர் சொல்லுவினம்? 'இஞ்சேருங்கோ' எண்டன். திரும்பிப் பார்த்தீங்கள். ஒண்டும் கதைக்கேல்லை."

கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். முகத்தில் களைப்பே இல்லை. ராணி மாதிரி நடந்தாள்.

"இஞ்சேருங்கோ," என்று அங்கிருந்து கூப்பிட்டாள்.

நான் வாய் திறக்குமுன், பூட்டியிருந்த படுக்கையறைக்குள்ளிருந்து என் குரல் கேட்டது.

"ஓம், வாறன்."