தள்ளிக் கட்டிய கயிறு

“மிஸ், இந்தக் கயித்தைக் கொஞ்சம் அங்கால தள்ளிக் கட்டேலாதோ?”

நிவேதிகா நிமிர்ந்து பார்த்தாள். கேட்டது வயற்காரர் கதிராமன்.

“ஏலாது ஐயா. எண் விழுந்த இடத்திலதான் கட்ட வேணும்.”

ஈச்சிலம்பற்றுப் பக்கம் யூரியா போடாமல் சாணி போட்டு வெள்ளாமை செய்தவர்களின் விளைச்சலை அளக்கும் ஆய்வு அது. ஊருக்கு ஒரு வயல். இந்த ஊரில் குலுக்கலில் வந்தது கதிராமனின் வயல். வயலுக்குள் எந்த இடம் என்பதையும் அளக்கிறவர் தெரிவு செய்யக் கூடாது. தாளில் இருக்கிற எண்ணுக்கு வரப்பிலிருந்து காலடி வைத்து நடந்து, நிற்கிற இடத்தில் நாலு முளை அடித்துக் கயிறு கட்ட வேண்டும். அந்தச் சதுரத்துக்குள் விளைந்ததை நிறுத்தால் வயலின் விளைச்சல் தெரியும்.

முப்பத்தொரு காலடி. நிவேதிகா வந்து நின்றது மஞ்சளாய் மெலிந்துபோன பயிருக்குள்.

வயலில் முக்கால்வாசியும் அப்படித்தான் இருந்தது. முன்பு மாடு கட்டிய மூலையில் மட்டும் கதிர்கள் பாரத்தில் சாய்ந்து கிடந்தன.

“அந்த மூலையும் என்ர வயல்தானே மிஸ்?”

“எண்ணை மாத்தினால் என்ர வேலை போயிடும் ஐயா.”

பல்கலைக்கழகம் முடித்து அவளுக்குக் கிடைத்த முதல் வேலை அது.

கதிராமன் குரலைத் தாழ்த்தினார். “வரப்பில நிக்கிறவையளைப் பாத்தீங்களோ? முன்னுக்கு நிக்கிறது என்ர மச்சான். யூரியா வேண்டாமெண்டு இந்த ஊரில முதல் நிண்டவன் நான். என்னைப் பாத்துத்தான் மற்றப் பதினாலு குடும்பமும் இறங்கினது. நீங்கள் அளக்கிறதைக் கூட்டத்தில வாசிப்பீங்களாம். பிறகு நான் எந்த முகத்தோட தெருவில போறது?”

வரப்பிலிருந்து மச்சானின் குரல் வந்தது. “என்ன அத்தான், நெல்லைத் தேடுறியளோ? பூதக்கண்ணாடி கொண்டு வரட்டோ?”

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். கதிராமன் குனிந்து ஒரு கதிரைக் கையில் உருவினார். பாதி பதர்.

நிவேதிகாவால் பார்க்க முடியவில்லை. ஒரு வயல், ஒரு சதுரம். யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது?

வரப்பில் நின்றவர்கள் கலைந்து போகும்வரை தாளில் எதையோ எழுதுவதுபோல நின்றாள். பிறகு முளைகளைப் பிடுங்கினாள்.

மூலைக்குள் கயிறு கட்டி முடிந்ததும் கதிராமனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இதை நான் சாகும்வரைக்கும் மறக்க மாட்டன் மகள்.”

ஒரு மாதம் கழித்துப் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம். ஆய்வுக்குப் பொறுப்பான சேர் திருகோணமலையிலிருந்து வந்திருந்தார்.

“நல்ல செய்தி ஒண்டு. இந்த ஊரில ஏக்கருக்கு எழுபத்திரண்டு புசல் விளைஞ்சிருக்கு. யூரியா போட்ட வயலுக்குக் கொஞ்சமும் குறைவில்லை!”

எல்லோரும் கை தட்டினார்கள். மச்சானும் வேண்டாவெறுப்பாக இரண்டு தட்டுத் தட்டினார். பின்வரிசையில் கதிராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அதால, விளைச்சல் விழுந்த ஊருகளுக்குக் குடுக்கிற விதைநெல் இஞ்ச தேவையில்லை. வேற ஊருக்கு அனுப்புறம்.”

கை தட்டல் நின்றது.

கனகம்மா எழும்பினாள். கதிராமனைப் பார்த்து யூரியாவை விட்டவர்களில் அவளும் ஒருத்தி.

“என்ர வயலில பாதியும் வரேல்லை சேர். விதைக்கு வைச்சதையும் அவிச்சுத் திண்டிட்டம். வாற போகத்துக்கு நான் எதை விதைக்கிறது?”

“வாயால சொல்லுறதை எழுதேலாது அம்மா. இது அளந்து வந்த எண்.” சேர் திரும்பினார். “நிவேதிகா, எண் விழுந்த இடத்திலதானே கயிறு கட்டினீர்?”

நிவேதிகா எழுந்து நின்றாள். அளவுத் தாள்களை நெஞ்சோடு பிடித்திருந்தாள். மண்டபம் முழுவதும் அவளையே பார்த்தது.

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

“மிஸ் சரியாத்தான் கட்டினவ சேர்,” என்றார் கதிராமன். “அவ தராசு எடுக்கப் போன நேரம் நான்தான் முளையைப் பிடுங்கி நல்ல மூலையில நட்டனான். என்ர வயல் விளையேல்லை. எங்களில ஒருத்தற்ற வயலும் விளையேல்லை.”

“சாணியோட களவும் சேர்த்துப் போட்டிருக்கிறார்!” என்றார் மச்சான். இந்த முறை எல்லோரும் சிரிக்கவில்லை.

“உங்கட பெருமைக்கு எங்கட வயித்திலயா அண்ணை அடிக்கப் பாத்தனீங்கள்?” என்று கேட்டாள் கனகம்மா.



சேர் பேனையை எடுத்து எண்ணை வெட்டினார். “பக்கத்து ஊரின்ர விளைச்சலை வைச்சு உங்களுக்கு விதைநெல் வரும். ஆனா கதிராமன், உங்கட பேர் அந்தப் பட்டியலில இராது.”

“ஓம் சேர்.” அவர் உட்கார்ந்தார்.

சேர் இன்னும் நின்றுகொண்டிருந்த நிவேதிகாவைப் பார்த்தார்.

“அவர் முளையைப் பிடுங்கினதை நீர் காணேல்லையா?”

கதிராமன் தலையைக் குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லை சேர்,” என்றாள் நிவேதிகா. “நான் காணேல்லை.”