சொந்தக் குளத்து மீன்

"எங்கே போய்த் தொலைஞ்சே? மீன் ஆறுது. தூக்கிட்டுப் போய் வை!"

பலகாரப் பொட்டலத்தோடு சமையலறைக்குள் நுழைந்த இமாஸின் கையில் மாமியார் ருகாயா பெரிய தட்டைத் திணித்தாள். மஞ்சளும் பூண்டும் தடவி, மொறுமொறுவென்று பொரித்த குராமி மீன்கள்.

"மீனா? கோழின்னுதானேம்மா சொன்னீங்க?"

"ஹாஜிக்குக் கோழி ஆகாதாம். நீ வெளியில போனதும் ஆள் அனுப்பிச் சொன்னாரு. உங்க குளத்து மீனே போதும்னு."

"அப்போ இது..."

"நம்ம குளத்து மீன்தான். வேற எது?"

"அம்மா, ஒரு நிமிஷம் தனியா வாங்களேன்."

"எல்லாம் அப்புறம். போடி!"

பக்கத்திலேயே மாப்பிள்ளையின் தாய் நின்று வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இமாஸால் வாயைத் திறக்க முடியவில்லை.

ஒரு வாரமாகக் குளத்து மீன்களுக்குப் பேன் பிடித்திருந்தது. கரைக்கல்லில் உடம்பைத் தேய்ப்பதும், அரிப்புத் தாங்காமல் துள்ளுவதுமாகக் கிடந்தன. "உப்பு போடு, பப்பாளி இலை போடு, கடை மருந்து ஒரு சொட்டு இந்தக் குளத்துல விழக் கூடாது" என்பது ருகாயாவின் சட்டம். மகனுக்குப் பெண் கேட்டு வரும் ஹாஜி கோசாசியோ மீன்குஞ்சு வியாபாரி. குளத்தைப் பார்த்தே குடும்பத்தை எடைபோடுகிறவர். நாத்தனார் லிலிஸின் கல்யாணம் கேவலம் மீன் பேனால் நின்றுபோவதா? காலையில் யாரும் பார்க்காத நேரத்தில் இமாஸ் பேன் மருந்தைக் குளத்தில் ஊற்றிவிட்டாள்.

"ரெண்டு வாரத்துக்கு அந்த மீனை மனுஷன் தின்னக் கூடாது. அப்புறம் ஆஸ்பத்திரிதான்" என்று கடைக்காரன் எச்சரித்திருந்தான். விருந்துக்குக் கோழிதானே என்று இவளும் தைரியமாகத் தலையாட்டியிருந்தாள்.

கூடத்தில் எல்லோரும் பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சோறு, மிளகாய்ச் சம்பால், கடித்துக்கொள்ளப் பச்சை இலைகள். மீனுக்காக மட்டும் இடம் விட்டிருந்தது.

இமாஸ் கால் தடுக்கியது போல் சாய்ந்தாள். தட்டு கவிழ்ந்து மீன்கள் தரையில் சிதறின.

"கல்யாணம் எனக்கு, கை நடுங்கறது அண்ணிக்கு!" என்று லிலிஸ் சிரித்தாள்.

"போனா போகுது, இன்னொரு தட்டு இருக்கு" என்று ருகாயா உள்ளே போய்க் கொண்டுவந்து வைத்தாள். வைக்கும்போது மருமகளைப் பார்த்த பார்வையில் பச்சை மீனே பொரிந்திருக்கும்.

ஹாஜி மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்களே வளர்த்ததா ருகாயாம்மா?"

"குஞ்சுல இருந்து என் கையால வளர்த்தது. குளம் இருக்கிற வீட்டுல விருந்தாளிக்குச் சந்தை மீனா வைப்பாங்க? ஊரே சிரிக்காதா?"

"அது சரி" என்று மகிழ்ந்துபோன ஹாஜி, பிஸ்மில்லா சொல்லி ஒரு துண்டைப் பிட்டார். சம்பாலில் தொட்டு வாயருகே கொண்டுபோனார்.

"சாப்பிடாதீங்க!"

கத்தியது தான்தான் என்று இமாஸுக்கே ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"குளத்துல பேன் மருந்து ஊத்தியிருக்கேன். இன்னிக்குக் காலையில. யாருக்கும் தெரியாது. நான்தான் ஊத்தினேன்."

ருகாயாவின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு திடீரென்று உரக்கச் சிரித்தாள்.

"மருந்தாம் மருந்து! ஒரு கை உப்பைப் போட்டுட்டு மருந்துங்கறா. பாண்டுங் பட்டணத்துப் பொண்ணு இல்ல? குளத்தைக் கண்டாளா, மீனைக் கண்டாளா!" சொல்லிக்கொண்டே ஒரு பெரிய துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். "பாருங்க, நான் சாப்பிடலையா?"

"அம்மா, வேண்டாம்மா!" இமாஸ் அவள் கையைப் பிடித்தாள்.

ருகாயா உதறிவிட்டு அடுத்த துண்டை எடுத்தாள். மீன் தலையைக்கூட விடாமல் உறிஞ்சினாள். இமாஸின் கண்ணில் நீர் முட்டியது. மகளின் கல்யாணத்துக்காக உயிரையே பணயம் வைக்கிறாளே இந்த மனுஷி! இவளையா கல்நெஞ்சுக்காரி என்று இத்தனை நாள் நினைத்தோம்?

ஹாஜி கொஞ்ச நேரம் ருகாயாவையே பார்த்தார். அப்புறம் தானும் சாப்பிட்டார். மற்றவர்களும் சாப்பிட்டார்கள். கடைசியில் தட்டில் முள்தான் மிச்சம்.

"இப்படி ஒரு மீனை வளர்த்த குளத்தைப் பார்க்காமப் போனா எப்படி?" என்றபடி ஹாஜி கை கழுவ எழுந்தார்.

ருகாயா மருமகளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏம்மா சாப்பிட்டீங்க? வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்று இமாஸ் தேம்பினாள். "எல்லாரையும் கூட்டிட்டுப் போயிடலாம்மா!"

"வாயை மூடு! அது சந்தை மீன்."

"சந்தை மீனா?"

"பின்னே? நம்ம மீனை எப்படிப் பிடிக்கறது? விடியறதுக்கு முன்னாடியே நான் பேன் மருந்து ஊத்திட்டேனே! அதுக்கு மேல நீ வேற ஊத்தியிருக்கே. ஓடு, அந்த மனுஷனைக் கொல்லைப்பக்கம் விடாதே!"

இமாஸ் ஓடினாள். குளம் முழுக்க மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன, கரையில் ஹாஜி இரண்டு கைகளாலும் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினார்: "ருகாயாம்மா, இந்த மீனையா எங்களுக்குப் போட்டீங்க?"