அடையாளம் மாற்றப்பட்டது

"காலேஜ் பக்கம் தலைவச்சுக்கூடப் படுத்ததில்லையா?"

டாக்டர் மார்ஜரி ஹாஸ்கெல் கேட்ட விதத்தில் ரோண்டாவின் முகம் சுருங்கிவிட்டது.

"இல்லைங்க டாக்டர். பள்ளிக்கூடத்தையே பாதியில விட்டவ. முப்பத்தஞ்சு வயசுலதான் தனியா எழுதி பாஸ் பண்ணினேன்."

"ஆனா போதை மறுவாழ்வு ஆலோசகர்னு சர்ட்டிஃபிகேட் மட்டும் வேணும்!"

மார்ஜரியோடு சேர்ந்து தேர்வு நடத்த உட்கார்ந்திருந்த வர்ஜில் சிரித்தார். "டிகிரி இல்லாதவங்க ஆறாயிரம் மணி நேரம் மேற்பார்வையில வேலை பார்க்கணும். இந்தப் பொண்ணு பார்த்துட்டு வந்திருக்கு. நான் என் பொண்டாட்டிகிட்டயே மொத்தமா அவ்வளவு நேரம் பேசினதில்லை."

மார்ஜரி சிரிக்கவில்லை. அந்த அம்மாள் சிரித்து கென்டக்கி மாநிலத்திலேயே யாரும் பார்த்ததில்லை என்று ரோண்டாவிடம் ஏற்கெனவே பலபேர் பயமுறுத்தியிருந்தார்கள்.

ரோண்டா போன தடவை இதே வாய்மொழித் தேர்வில் கோட்டை விட்டவள். இந்தத் தடவையும் போனால் மறுவாழ்வு மையத்து வேலை போய்விடும். திங்கட்கிழமை முதல் பழையபடி கோழி ஆலையில் நின்று இறக்கை வெட்ட வேண்டியதுதான்.

"விதி தெரியுமில்ல?" என்றாள் மார்ஜரி. "நீங்க கவனிச்ச ஒருத்தரோட கதையைச் சொல்லணும். பேர், ஊர், தொழில், ஆணா பெண்ணா, எல்லாத்தையும் மாத்திடணும். இன்னார்னு யாருக்காவது தெரிஞ்சுபோச்சுன்னா, அந்த நிமிஷமே ஃபெயில்."

"தெரியும் டாக்டர். போன தடவை அதுலதான் போச்சு. மீன் பிடிக்கிறவரை மீன் விக்கிறவரா மாத்தினேன். ஊரே கண்டுபிடிச்சுருச்சு."

வர்ஜிலுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

"இந்தத் தடவை ஒண்ணுவிடாம மாத்திட்டேங்க" என்று சொல்லிவிட்டு ரோண்டா தாளைப் பிரித்து வாசித்தாள்.

"ஒரு அம்மா. குடிக்கிறாங்கன்னு வீட்டுல யாருக்கும் தெரியாது. மவுத்வாஷ் பாட்டிலைக் கழுவி, வாட்காவை ஊத்தி, நீலச் சாயம் கலந்து கைப்பையிலேயே வச்சுக்குவாங்க. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல காருக்குள்ள போயிடுவாங்க. தினம் ஒரு கடைன்னு மாத்தி மாத்தித்தான் வாங்குவாங்க."

மார்ஜரியின் பேனா நின்றது. ரோண்டா கவனிக்கவில்லை.

"மகள் பள்ளிப் படிப்பை முடிச்சு சர்ட்டிஃபிகேட் வாங்க மேடையேறின அன்னிக்கு, அவ பேரைக் கூப்பிட்ட நேரத்துல இவங்க காருக்குள்ள இருந்தாங்க. 'கடைசி வரிசையில நின்னு கைதட்டினேன் கண்ணு'ன்னு சொல்லிட்டாங்க. மகள் இன்னிவரைக்கும் அதை நம்பிட்டிருக்கா..."

"வர்ஜில், காபி வாங்கிட்டு வாங்க."

"இதோ மேசைமேல இருக்கே."

"சூடா வாங்கிட்டு வாங்க!"

கதவு மூடியது. மார்ஜரியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"யார் சொன்னா உனக்கு?"

"என்னது டாக்டர்?"

"க்ளென் உன்கிட்ட வர்றாரா? என் புருஷன்? அவருக்கு எல்லாம் தெரியுமா?"

ரோண்டாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாரு வர்றா, யாரு வரலைன்னு நான் சொல்லக் கூடாதுங்க" என்று தடுமாறினாள்.

"நடிக்காதே! அந்தக் கார் விஷயம் கடவுளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்!" மார்ஜரி முகத்தைத் துடைக்கக் கைப்பையில் கைவிட்டுக் கைக்குட்டையை இழுத்தாள். கூடவே ஒரு நீல பாட்டில் வெளியே வந்து, மேசையில் உருண்டு, ரோண்டாவின் தாளில் முட்டி நின்றது.

இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

மார்ஜரி மதிப்பெண் தாளை இழுத்து, 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தள்ளினாள்.

"இந்தா. இதுக்குத்தானே வந்தே? எடுத்துக்கோ. என் மகளுக்கு மட்டும் தெரிய வேண்டாம். யார் சொன்னாங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

ஆறாயிரம் மணி நேரம் உழைத்துக் காத்திருந்த தாள் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. ரோண்டா அதை ஒருமுறை ஆசையாகப் பார்த்தாள். பிறகு திருப்பித் தள்ளிவிட்டு, நாற்காலியை இழுத்து மார்ஜரியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"சத்தியமா உங்களை இன்னிக்குத்தான் முதல் தடவையா பார்க்குறேன். உங்களைப் பத்தி யாரும் எதுவும் சொல்லலை."

"அப்போ அந்த பாட்டில்? அந்த மேடை? என் மகள்?"

"எல்லாத்தையும் மாத்தணும்னு சொல்றீங்களே, மாத்தினேன். மாத்தின இடத்துல எதைப் போடறதுன்னு தெரியலை. அடுத்தவங்களோடதைப் போட எனக்கு உரிமை இல்லையே" என்றாள் ரோண்டா. "அதனால என்னோடதைப் போட்டேன். அன்னிக்குக் காருக்குள்ள இருந்தது நான்தான், டாக்டர்."