ஹனோய்க் கிளையின் முதல் போணி

கரூர்ப் போர்வைகளுக்கு ஹனோயில் ஒரு கிளை திறக்க வேண்டும் என்பது மரகதத்தின் ஆசை. அவள் காலமாகி இரண்டு வருடம் கழித்துத்தான் அவள் கணவர் செங்கோடனுக்கு அது கைகூடியது.

காதில் மாட்டும் மொழிபெயர்ப்புக் கருவிக்கு மரகதத்தின் பழைய பதிவுகளைக் கொடுத்து, அவள் குரலையே வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஹனோயே அவள் குரலில் பேசியது. விமான நிலையத்து மீசைக்கார அதிகாரிகூட, "ஏனுங்க, பாஸ்போர்ட்டக் காட்டுங்க" என்றார். கட்டடத் தரகரிடம் செங்கோடனால் பேரமே பேச முடியவில்லை. அந்தக் குரலிடம் அவர் என்றைக்கு ஜெயித்தார்?

கரூரில் எந்தக் கடை திறந்தாலும், "ஏனுங்க, மொதப் போணி உங்க கையால ஆகட்டும்" என்பாள் மரகதம். திறப்பு நாளில் அதைச் சொல்லும்படி, புதிதாக வேலைக்குச் சேர்ந்த லின்னிடம் செங்கோடன் கேட்டிருந்தார்.

பால் பொங்கியது. முதல் வாடிக்கையாளரும் வந்துவிட்டார். முதலாளியை அசத்த வேண்டுமென்று ஒரு வாரம் தமிழ் பழகியிருந்த லின், முகமெல்லாம் சிரிப்பாக முன்னே வந்தாள்.

"ஐயா, முதல் போணி உங்க கையால ஆகட்டும்."

தமிழை மொழிபெயர்க்க என்ன இருக்கிறது? கருவி வாய் திறக்கவில்லை.

"அருமையாப் பேசற, கண்ணு" என்றார் செங்கோடன். கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டார். "அதையே உங்க பாசைல ஒருக்காச் சொல்லு."