வெயில் படாத கறுப்பு

கம்பெனியில் ஆட்குறைப்பு செய்தபோது வேலை போன மாடசாமி, ஓசூருக்கு வெளியே பூட்டிக் கிடந்த ஒரு ஷெட்டில் கஞ்சாச் செடிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனான். மனைவி தமிழ்செல்வியிடம் ரோஜாப் பண்ணை என்று சொல்லிவைத்தான். ஷெட் எங்கே இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

செடிகளுக்கு மேல் புறஊதா விளக்குகள் எரிந்தன. அந்த வெளிச்சம் தோலைச் சுடும், கண்ணைக் கெடுக்கும் என்று முதலாளி தலையைச் சுற்றிக் கட்டும் ஒரு பட்டைக் கண்ணாடி கொடுத்திருந்தார். மூன்று மாதம் அதன் கீழேயே நின்றும் மாடசாமி கறுக்கவில்லை.

தமிழ்செல்விதான் கறுத்தாள். அவளுக்கு போல்ட் கம்பெனியில் உள்ளேயே உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஆனாலும் முகமும் கழுத்தும் கைகளும் தீய்ந்துபோயின.

"வெயில்ல அலையாதீங்கம்மா" என்று டாக்டர் களிம்பு எழுதிக்கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் காபியை நீட்டியபோதுதான் அவன் சரியாகப் பார்த்தான். கண்களைச் சுற்றி மட்டும் தோல் வெளுத்திருந்தது. அங்கிருந்து இரண்டு காதுகளுக்கும் வெள்ளையாக ஒரு பட்டை ஓடியது. அவள் கண்ணாடி போடுகிறவள் இல்லை.

மறுநாள் சாயங்காலமே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். அழுவாள், ஏசுவாள் என்று காத்திருந்தான்.

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"சரிங்க" என்றாள், களைத்துப்போன குரலில். "நாலாவது வரிசைல கடைசி ரெண்டு செடி வாடிக் கெடந்துச்சே, அதுக்குத் தண்ணி ஊத்திட்டு வந்தீங்களா?"

அவன் ஊற்றியிருக்கவில்லை.