காவலுக்குப் போனவன்

1962 பெப்ரவரியில், வவுணதீவு வயல்வட்டையில் நெல் முற்றியிருந்தபோது, வஸ்தியான் தன் காவல் முறை முடிந்த பிறகும் மற்றவர்களின் முறையைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

மட்டக்களப்பில் இருந்த அவன் மனைவி பிலோமினாவுக்கு இது பிடிபடவில்லை. வீட்டில் நாலு வார்த்தை பேசாத மனிதன், வயலுக்குப் புறப்படும்போது மட்டும் சீட்டியடித்தான்.

"அங்க ஒருத்தி இருக்காள் அண்ணன். இல்லாட்டி இந்த உம்மணாமூஞ்சிக்கு என்ன சந்தோசம்?" என்று தமையன் ரபேலிடம் அழுதாள்.

ரபேலின் பகிடியும் வேடிக்கைப் பேச்சும் இல்லாமல் ஊரில் ஒரு கலியாணமும் களைகட்டாது. "அழாதகா. நான் போய்ப் பிடிச்சுத் தாறன்," என்று சிரித்தான்.

மூன்று நாள் வயலில் காவல் குடிசையான வாடியில் தங்கிவிட்டுத் திரும்பினான். "சந்தேகமாத்தான் கிடக்கு. இன்னும் ஒரு கிழமை நிண்டு பார்க்கணும்."

அந்தக் கிழமை முடிந்தும் அதையே சொல்லிவிட்டுப் போனான். பிலோமினாவுக்குப் பொறுக்கவில்லை. தோணியேறித் தானே போனாள்.

வாடியில் பெண் எவரும் இல்லை. ஒரு மூலையில் வஸ்தியான் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். மறு மூலையில் ரபேல் வெளியே நெற்கதிரைப் பார்த்தபடி பேசாமல் இருந்தான்.

அவள் தமையனை வெளியே அழைத்தாள். "எங்க அவள்?"

"அப்பிடி ஒருத்தியும் இல்லகா."

"அப்ப ஏன் பொய் சொன்னீங்க? அவருக்கு இங்க என்னதான் சந்தோசம்?"

"இந்தப் பேசாம இருக்கிறதுதான்." ரபேல் குரலைத் தாழ்த்தினான். "பதினைஞ்சு நாளா உன்ர மனிசன் என்னட்ட ஒரு பகிடியும் கேக்கல்ல. ஊருக்குள்ள சொல்லிப்போடாத."

அடுத்த போகத்தில் காவலுக்கு முதலில் பெயர் கொடுத்தவன் ரபேல். அந்த வட்டையில் அவனுக்கு ஒரு துண்டு நிலமும் இல்லை.